சீல் அக்கா பயந்துபோன கதை

சீல் அக்கா கடையைத் திறக்காவிட்டால் அந்தமான் நிக்கோபார் தீவுகளில் அரசாங்கம் என்று ஒன்று நடக்கவே நடக்காது. இதை நான் எந்த மேடையிலும் ஏறிச் சொல்லத் தயார். கோப்பு இருக்கும், அதிகாரி இருப்பார், கையெழுத்தும் இருக்கும். ஆனால் கையெழுத்துக்குக் கீழே குத்துகிற ரப்பர் ஸ்டாம்ப் தேய்ந்துபோயிருந்தால் அந்தக் காகிதத்தை மாயாபந்தரில் ஒரு பியூன்கூட மதிக்கமாட்டார். அந்த ஸ்டாம்ப் அத்தனையும் அபர்டீன் பஜார் மணிக்கூண்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சின்னக் கடையில், ஒரே பெண்மணியின் கையால் செய்யப்பட்டவை. அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று இருபத்திரண்டு வருடம் பழகிய எனக்கே தெரியாது. ஊரில் எல்லார் பெயருக்கும் சீல் செய்தவர், தன் பெயருக்கு ஒன்று செய்துகொள்ளவில்லை.

அக்காவின் குடும்பம் இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து அனுப்பப்பட்டு, கப்பலேறி வந்து, கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேறிய குடும்பம். "அப்பா ரப்பர் பால் வெட்டுனாரு, நான் ரப்பர்ல எழுத்து வெட்டுறேன். ஒரே தொழிலு தானுங்களே" என்பார். நாலரை அடி உயரம். ஒரு பக்கக் கம்பி உடைந்த கண்ணாடியை ரப்பர் பேண்டு போட்டுக் காதில் மாட்டியிருப்பார். விரலெல்லாம் ஊதா மை. குரல் மட்டும் ஹேடோ துறைமுக ஜெட்டியில் கப்பல் ஊதுகிற குரல். யாருக்கும் அடங்கமாட்டார். அடங்கித்தான் ஆகவேண்டிய இடமென்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக அடங்கமாட்டார்.

அரசாங்கம் எங்கள் ஊர்ப்பெயரை மாற்றிய சமயம் அந்தக் கடைக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எல்லா அலுவலகத்துக்கும் புதுப்பெயரில் சீல் வேண்டும், எல்லாருக்கும் அன்றைக்கே வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், வேலூர்ப் பக்கத்து ஆபீசர் ஒருவர் ஜீப்பை விட்டு இறங்கி, மர ஏணியில் ஏறி, கடையின் மாடிக்கே வந்துவிட்டார். அங்கே அக்காவும் நானும் இன்னும் பத்துப் பேரும் சொல்லாட்டம் ஆடிக்கொண்டிருந்தோம்.

"அம்மா, நாளைக்குக் காலையில மீட்டிங். புது சீல் இல்லாம நான் எப்படிப் போறது? ரொம்ப அர்ஜென்ட்!"

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏழு கட்டைய கையில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கேன். இதவிட என்னாங்க அர்ஜென்ட்? ஏக் மினிட் நில்லுங்க."

அந்த ஒரு நிமிடம் ஒன்றேகால் மணி நேரம் ஓடியது. முதல் கால் மணி ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கால் மணி பலகையைப் பார்த்தார். அதன்பிறகு அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "அந்த 'கு'வை இந்தப் பக்கம் போட்டா..." என்று வாயைத் திறந்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"சீலுக்கு வந்தவங்க சீலப் பத்தி மட்டும் பேசணும். ஆடணும்னா கீழ போயி சூவக் கழட்டிட்டு வாங்க."

ஆபீசர் கீழே போய் ஷூவைக் கழற்றிவிட்டு வந்தார். மறுநாள் மீட்டிங் பழைய சீலோடு நடந்தது. அன்றிலிருந்து அவர் எங்கள் பதின்மூன்றாவது ஆட்டக்காரர்.

சொல்லாட்டம் என்றால், எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் சேர்க்கிற ஆட்டம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுகிறார்கள். நமக்கு இருநூற்று நாற்பத்தேழு. அக்கா ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சீல் செய்து, படாக் மரத் துண்டுகளில் குத்தி, அறுநூறு கட்டைகள் தயாரித்து வைத்திருந்தார். அவற்றைப் போட்டுவைக்க ஒரு பத்துக் கிலோ அரிசிப் பை. கட்டை எடுக்கக் கையை விட்டால் தோள்வரை உள்ளே போய்விடும்.

அகராதி என்று ஒன்றும் இருந்தது. சென்னையிலிருந்து வந்த கப்பலில் உப்புத்தண்ணீர் குடித்துத் தலையணை கணக்காக ஊதிப்போன அகராதி. மேசை எட்டுவதற்காக அக்கா அதன்மேல்தான் உட்காருவார். ஆகவே சொல்லில் சந்தேகம் வந்தால் பஜாருக்கு இறங்கிப்போய் விசாரிக்க வேண்டும். மூன்று பேர் "தெரியும்" என்றால் சொல் செல்லும். ஒரு தடவை அக்கா 'பிரட்டு' என்று வைத்தார். அப்படி ஒரு சொல்லே தமிழில் கிடையாது என்று நான் குதித்தேன். அக்கா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் ஒரு காய்கறிக் கடைக்காரர், ஒரு தையல்காரம்மா, ஓர் ஆட்டோக்காரர் முன்னால் நிறுத்தினார். மூன்று பேரும் ஒரே குரலில், "தோட்டத்துல காலையில ஆளு பேரு எடுக்குற எடம்" என்றார்கள். மூவரும் அக்காவுக்குச் சித்தப்பா மகன், மதினி, மருமகன் என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஏன் தம்பி, சொந்தக்காரங்கன்னா சொல்லு தெரிஞ்சிருக்கக் கூடாதா?" என்றார்.

எங்கள் ஊரில் உட்கார்ந்த ஆட்டம் உட்கார்ந்தபடி முடியாது. கப்பல் ஊதும், ஒருவர் பாதியில் எழுந்து ஓடுவார். டிரான்ஸ்பர் ஆர்டர் வரும், இன்னொருவர் மூட்டை கட்டுவார். அதற்காக அக்கா ஒரு சட்டம் வைத்திருந்தார்: கடைசிக் கட்டை பைக்குள் விழும்வரை ஆட்டம் முடியவில்லை. பாதியில் போகிறவர் ஒரு கட்டையைத் தன்னோடு எடுத்துப்போக வேண்டும். பலகை இருந்த நிலையை அக்கா நோட்டில் வரைந்து வைத்துக்கொள்வார். மாயாபந்தருக்கு மாற்றலாகிப் போன டீச்சர் ஒருவர் பதினொரு மாதம் கழித்துப் பல் பிடுங்க வந்தபோது, வீங்கிய கன்னத்தோடு அவரை உட்காரவைத்து அக்கா மிச்சத்தை ஆடி முடித்தார். ஜெயித்தது அக்காதான். "பல்லு வலிக்குதுன்னு விட்டுக் குடுத்தா ஆட்டத்துக்கு என்னா மரியாத?"

இன்னொரு சட்டம் மின்சாரத்தைப் பற்றியது. எங்கள் ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். கரண்ட் சில நாள் அதற்கும் முந்திக்கொள்ளும். ஆரம்ப காலத்தில் ஒரு தடவை லைட் போய்த் திரும்பி வந்தபோது, என் கையில் இருந்த ஏழு உதவாக்கரைக் கட்டைகளும் ஏழு அருமையான கட்டைகளாக மாறியிருந்தன. எப்படி மாறின என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. அக்கா அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார். லைட் போன நொடியில் எல்லாரும் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கரண்ட் வரும்வரை கட்டையைத் தொடக்கூடாது. வெளியே வெயில் கொளுத்தினாலும் சட்டம் சட்டம்தான்.

வருடக்கணக்கில் பழகி, ஃபேன் நிற்கிற சத்தம் கேட்டாலே எங்கள் கைகள் தானாக மடிக்கு இறங்கிவிடும். கராச்சர்மாவில் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லைட் போனாலும், பிசைந்த சாம்பார்சாதக் கை நேரே வேட்டிக்குத்தான் போகும். என் மனைவி அக்காவை அதற்காக மன்னித்ததே இல்லை.

இப்படிப்பட்ட எங்களைத் தேடிக்கொண்டுதான் சென்னையிலிருந்து அந்தப் படக்குழு வந்தது. சொல்லாட்டக்காரர்களைப் பற்றி ஆவணப்படம். ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் படம்பிடித்து, கடைசியில் சென்னையில் நடக்கிற பெரிய போட்டியில் கொண்டுபோய் முடிப்பதாகத் திட்டம். டைரக்டர் தம்பி நல்ல பையன்தான். ஆனால் அந்தமான் என்றதும் மனதுக்குள் ஒரு படத்தை ஏற்கெனவே எடுத்து முடித்துவிட்டு வந்திருந்தார்.

"அக்கா, ஜெட்டியில நின்னு, அப்படியே கடலைப் பாத்து, ஒரு சொல்லைத் தேடுற மாதிரி..."

"கடல்ல என்னாங்க தம்பி சொல்லு இருக்கு? நாங்க கடலப் பாக்குறது கப்பல் வருதான்னு. வேணும்னா கப்பலத் தேடுற மாதிரி நிக்கிறேன்."

"கொஞ்சம் சோகமா இருந்தா நல்லாருக்கும்."

"கப்பல் லேட்டுன்னு வச்சிக்கலாமா? அப்ப தானா வரும்."

தம்பி விடவில்லை. "இவ்ளோ தூரத்துல, தன்னந்தனியா, ஒரு தீவுல இருந்துக்கிட்டு..."

அக்காவுக்கு வந்ததே கோபம்! "யாருங்க தனியா? ஞாயித்துக்கிழம மாடிக்கு வந்து பாருங்க, ஒக்கார எடம் கெடைக்காது. தூரமாம் தூரம்! மெயின்லேண்டுதான் எங்கள விட்டுத் தூரமா கெடக்குது. நாங்க எங்க எடத்துலதான் இருக்கோம்."

போட்டிக்கு அக்காவும் நானும் கப்பலில் போனோம். விமானத்துக்கு அக்கா ஒப்பவில்லை. "பாதியில எறங்க முடியாத வண்டியில நான் ஏறமாட்டேன்." நடுக்கடலில் கப்பலிலிருந்து மட்டும் எங்கே இறங்குவதாக இருந்தார் என்று மூன்று நாளும் கேட்க நினைத்தேன். தைரியம் வரவில்லை.

சென்னை மண்டபத்தில் எல்லாம் பிளாஸ்டிக் கட்டை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு பேட்டரிக் கடிகாரம். ஆளுக்கு இவ்வளவு நிமிடம், அதற்குள் ஆடி முடிக்காவிட்டால் தோல்வி. அக்கா அதைத் தூக்கிப் பார்த்து, "இது எதுக்குங்க? யாருக்காச்சும் கப்பல் புடிக்கணுமா?" என்றார். ஆனால் ஆட உட்கார்ந்ததும் வந்தவர் போனவர் எல்லாரையும் அடித்து நொறுக்கிவிட்டு இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டார். எதிரே கோயம்புத்தூர்க் கணக்கு வாத்தியார், பலமுறை கோப்பை வாங்கியவர். அதே நேரத்தில் பின்வரிசையில் நான் பதினேழாவது இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஆடிக்கொண்டிருந்தேன்.

அக்காவின் முறை. கடிகாரத்தில் எட்டு நிமிடம் மிச்சம். கையில் ஜெயிக்கிற சொல் தயார். அந்தத் தருணத்தை அழகாகப் பிடிக்க வேண்டுமென்று டைரக்டர் தம்பி இன்னும் ஒரு பெரிய விளக்கைப் போடச் சொன்னார். பட்டென்று ஒரு சத்தம். ஃபியூஸ் போய் மண்டபத்து ஃபேன் எல்லாம் நின்றது.

பட்டப்பகல். பெரிய பெரிய ஜன்னல்கள். மற்ற மேசைகளில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு வாத்தியாரை நேராகப் பார்த்தபடி உட்கார்ந்தார். அவர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று வாத்தியார் நினைத்துக்கொண்டார். கடிகாரம் ஓடியது. சிரிக்காதீர்கள், பின்வரிசையில் நானும் மடியில் கையை வைத்துக்கொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தேன். எட்டு நிமிடம் கழித்துக் கடிகாரம் கத்தியது. "அது கத்தட்டும்" என்றார் அக்கா. பிறகு ஃபேன் சுற்றத் தொடங்கியதும் நிதானமாகக் கட்டையை எடுத்தார்.

"மேடம், உங்க நேரம் முடிஞ்சிருச்சு" என்றார் நடுவர்.

"லைட் போன நேரம் கணக்குல சேராதுங்க."

"அப்படி ஒரு விதி எங்களுக்கு இல்லையே."

"அப்ப லைட் போனா நீங்க என்னா செய்வீங்க?"

"விளையாடுவோம்."

"கள்ள ஆட்டம்!" மண்டபம் முழுக்கக் கேட்டது. பலகையிலிருந்து ஒரு கட்டையை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வாத்தியாரைப் பார்த்தார். "ஆட்டம் முடியலைங்க. மிச்சத்த எங்க ஊருக்கு வந்து ஆடுங்க." அவ்வளவுதான், நடையைக் கட்டிவிட்டார். நான் பதினெட்டாவது இடம் வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். கட்டையைத் திருப்பித் தரும்படி போட்டி நடத்தியவர்கள் பிறகு கடிதம் போட்டார்கள். அக்கா 'ஆட்டம் முடியவில்லை' என்று புதிதாக ஒரு சீல் செய்து, அந்தக் கடிதத்தின் முதுகிலேயே குத்தித் திருப்பி அனுப்பினார்.

சில மாதம் கழித்து டைரக்டர் தம்பி படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். எங்களுக்குத்தான் முதலில் காட்ட வேண்டும் என்று ஆசை. ஒரு சனிக்கிழமை பிற்பகல், பஜார் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் பாதி ஊர் கூடிவிட்டது. அக்கா பட்டுப்புடவை. கண்ணாடிக்குப் புது ரப்பர் பேண்டு. திரையில் எங்கள் மாடி வந்தபோது விசில் பறந்தது. ஆபீசர் முகம் வந்தபோது இரண்டு விசில், அதில் ஒன்று அவருடையது.

பிறகு அந்த இறுதி ஆட்டம் வந்தது. திரை முழுக்க அக்காவின் முகம். அப்புறம் மடியில் அசையாமல் கிடக்கிற கைகள். பின்னணியில் ஒரு வயலின் அழுதது. கனத்த குரலில் ஒருவர் சொன்னார்: "சின்னஞ்சிறு தீவிலிருந்து வந்த அந்தப் பெண்மணி, பெரிய மேடையைக் கண்டு பயத்தில் உறைந்துபோனார்."

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். தோற்றால் மேசையை ஓங்கி அறைந்து சிரிக்கிற ஆள் அவர். அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. தோற்றதாகக் காட்டியிருந்தால் ஒன்றுமில்லை. பயந்ததாகக் காட்டிவிட்டார்கள். அந்தப் படம் இனி ஊர் ஊராகப் போகும், போகிற ஊரிலெல்லாம் எங்கள் அக்கா பயந்தாங்கொள்ளி.

"நிப்பாட்டுங்க!" அக்கா எழுந்துவிட்டார்.

"அக்கா, படம் முடியட்டுமே, அப்புறம் பேசலாம்..."

"தோத்தேன்னு போடுங்க. பத்துத் தடவ போடுங்க. பயந்தேன்னு யாரக் கேட்டுப் போட்டீங்க?"

"லைட் போச்சுன்னு நீங்க சொன்னது சாக்குன்னு நெனச்சோம். எட்டு நிமிஷம் அசையாம உக்காந்திருந்தீங்களேக்கா. கேமராவுல இருக்கு."

"கேமராவுக்கு எங்க ஊரு சட்டம் தெரியுமா?"

சொல்லிவிட்டு விறுவிறுவென்று சுவரோரமாகப் போனார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பட்டுப்புடவையோடு ஏறி, மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தார். படம் அணைந்தது. ஃபேன் எல்லாம் நின்றது. "யாராச்சும் கதவத் தொறங்க!" கதவுகள் திறந்தன. வெயில் உள்ளே வந்தது.

"இப்பத் திரும்பிப் பாருங்க தம்பி."

டைரக்டர் தம்பி திரும்பினார். முன்னிரண்டு வரிசையில் நாங்கள் பன்னிரண்டு பேர். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேரின் கைகளும் மடியில் இருந்தன. ஆபீசரின் கைகள் மடியில். இதற்காகவே மாயாபந்தரிலிருந்து வந்திருந்த டீச்சரின் கைகள் மடியில். நான் மட்டும் வாயில் பாதி சமோசா தொங்க உட்கார்ந்திருந்தேன், ஆனால் என் கைகளும் மடியில்தான்.

தம்பி எங்களை வரிசையாகப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடி எங்களைப் பார்த்தார். "அன்னைக்கு ஃபியூஸ் போச்சே..." என்றார் மெதுவாக. "நாங்க போட்ட லைட்டாலதான்..."

"அச்சா. இப்பப் புரிஞ்சுதா?"

"மன்னிச்சிருங்கக்கா. ஆனா படம் முடிஞ்சிருச்சே."

அக்கா நாற்காலியின் மேலிருந்தே கைப்பையைத் திறந்து அந்தக் கட்டையை எடுத்துக் காட்டினார். "ஆட்டமே முடியல. படம் எப்படிங்க முடியும்?"

அன்று எழுந்த கைதட்டலில் நான் மட்டும் சேரவில்லை. லைட் இன்னும் வரவில்லையே!

தம்பியைப் பாராட்டத்தான் வேண்டும். இரண்டு மாதத்தில் கணக்கு வாத்தியாரையே கப்பலில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பலகை எப்படி இருந்தது என்பது படத்திலேயே இருந்தது. கடை மாடியில் அப்படியே அடுக்கினார்கள். வாத்தியார் கொண்டுவந்த கடிகாரத்தை வாங்கி அகராதிக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார் அக்கா. அவர் தயாராக வைத்திருந்த சொல் இறங்கியது. நாலு புள்ளியில் ஜெயித்தார். நாங்கள் போட்ட கூச்சலில் கீழே பஜாரில் ஆட்டோக்கள் நின்றன.

வாத்தியார் பெரிய மனுஷர். கும்பிட்டுவிட்டுக் கட்டைகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். கடைசிக் கட்டை மேல் அக்கா கையை வைத்தார். "இத நீங்க எடுத்துக்கிட்டுப் போங்க."

"ஏம்மா? ஆட்டம் முடிஞ்சிருச்சே. நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களே."

"முடிஞ்சிருச்சுன்னா அப்புறம் எதுக்குங்க நீங்க இந்தப் பக்கம் வரப்போறீங்க?"

இருபத்திரண்டு வருடம் அந்தச் சட்டத்துக்குக் கீழே ஆடியிருக்கிறேன். அது எதற்காக என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தில் இப்போது வயலின் கிடையாது. ஃபேன் நிற்கிற சத்தம் மட்டும் இருக்கிறது. அப்புறம் கல்யாண மண்டபத்தில் நாங்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது (தம்பியின் கேமராக்காரர் அன்றைக்குச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டிருக்கிறார்), என் சமோசா உட்பட. முடிவில் கொஞ்சம் கோணலாக ஊதா மையில் அந்த 'ஆட்டம் முடியவில்லை' சீல்.

போன வருடம் நான் ஓய்வு பெற்று மதுரைக்கு வந்துவிட்டேன். கிளம்புகிற அன்று அக்கா ஜெட்டிக்கு வந்து என் சட்டைப்பையில் ஒரு கட்டையைப் போட்டார். "நூத்திப்பத்து புள்ளி பின்னாடி இருக்கேன்க்கா, நான் தோத்துட்டேன்னே வச்சிக்குங்களேன்" என்றேன். "அத நான் சொல்லணும், நீங்க சொல்லக்கூடாது" என்றார். கப்பல் ஊதுகிற அந்தக் குரல் அன்றைக்குச் சரியாக எழும்பவில்லை.

மதுரையில் கரண்ட் போனால் எல்லாரும் போனை எடுத்து வெளிச்சம் அடிக்கிறார்கள். நான் கையை மடியில் வைத்துக்கொள்கிறேன். போன வாரம் பார்த்தேன், என் மனைவியும் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டிசம்பர் கப்பலுக்கு இருவருக்கும் டிக்கெட் போட்டாயிற்று. கட்டையை மறக்காமல் கொண்டுபோவேன். மறக்காமல் திரும்பவும் வாங்கி வருவேன்.